கடவுச்சீட்டை வைத்து ஆளை எடை போடலாமா?

கடவுச்சீட்டு என்று பாடநூலில் படிக்கிறோம். வீட்டில் பாஸ்போர்ட் என்கிறோம். எப்படிச் சொன்னாலும் அது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு புத்தகந்தான். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், ஒரு புகைப்படம் ஆகியவை போக மற்றப் பக்கங்களெல்லாம் வெற்றுத்தாள். ஆயினும் எத்தனையோ பெரிய நூல்களுக்கு இல்லாத மரியாதை அதற்கு உண்டு. அதிலும் எங்கள் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அதன் அட்டையின் நிறமே ஒரு வீட்டின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. கருநீல அட்டை இந்தியாவுடையது; கருஞ்சிவப்பு அட்டை பிரான்சுடையது. கல்யாணத் தரகர் ஒருவர் திண்ணையில் வந்து அமர்ந்தால், பையன் என்ன படித்திருக்கிறான், குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விகள் வருமுன்னே, “பிரெஞ்சு நேஷனாலிட்டியா?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஆம் என்று பதில் வந்தால் மற்றக் கேள்விகள் வராமலே போவதும் உண்டு. இது முறைதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டின் ‘வலிமை’ என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். முன்னதாக விசா வாங்காமல் ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டைக் கொண்டு எத்தனை இடங்களுக்குப் போகலாம் என்று கணக்கெடுத்து, ஹென்லி என்னும் தனியார் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியிடுகிறது. 2025 ஜூலை மாதக் கணக்கின்படி முதலிடம் சிங்கப்பூருக்கு, 193 இடங்கள். பிரான்சு மூன்றாம் இடத்தில் 189 இடங்களுடன் நின்றது. நமது இந்தியாவுக்கு 59 இடங்கள்; வரிசையில் 77. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்துப் போற்றும் சிங்கப்பூருக்குப் போகத் தமிழ்நாட்டுத் தமிழருக்கும் புதுச்சேரித் தமிழருக்கும் விசா வேண்டும் என்பது வேடிக்கையல்லவா? கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியைச் சொல்லாத பேச்சுப் போட்டியே நம் பள்ளியில் இல்லை. அவர் காலத்தில் விசா அலுவலகம் இல்லாதது அவருடைய நல்லூழ்.

வலிமை குறைந்த பாஸ்போர்ட்டால் வரும் துன்பம் பொய்யன்று. பிரான்சு உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதற்கு விண்ணப்பிப்பவர் வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, தங்குமிடச் சான்று, திரும்பி வரும் விமானச் சீட்டின் முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. 2024-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை மறுக்கப்பட்டன. வில்லியனூர் லூர்து மாதாவின் சுரூபம் 1877-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தது. அந்த மாதாவை அனுதினமும் வணங்கும் ஒரு பாட்டி, சாகுமுன் பிரான்சிலுள்ள லூர்து நகரைப் பார்க்க ஆசைப்பட்டால், அவரிடம் வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். பக்தியைக் காட்டும் சான்றிதழுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை!

ஆனால் அந்தத் தரவரிசை எண் எதை அளக்கிறது என்று சிந்திக்க வேண்டும். அது அரசாங்கங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடுகளின் எண்ணிக்கை. வருகிறவன் திரும்பிப் போவானா, இங்கேயே தங்கிவிடுவானா என்று பணக்கார நாடுகள் கொள்ளும் ஐயத்தின் அளவு என்றும் சொல்லலாம். தனி மனிதரின் நேர்மையையோ உழைப்பையோ அளக்கும் கோல் அதில் இல்லை. அந்த எண் நிலையானதும் அன்று. இந்தியக் குடிமக்கள் 1962-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை பொதுநலவாய நாட்டினர் என்ற முறையில் பிரிட்டனில் தடையின்றி நுழையும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வாண்டு பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. கதவு பாதி சாத்தப்பட்டது. ஜூன் மாதம் வலிமையாயிருந்த பாஸ்போர்ட் ஜூலையில் மெலிந்தது. அதை வைத்திருந்தவர் அதே ஆள்தான்.

அதே 1962-ஆம் ஆண்டுதான் எங்கள் ஊர்களின் கதையிலும் முக்கியமானது. இன்று பாகூரிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போகிறவர், புதுச்சேரி எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்று கவனிப்பதுகூட இல்லை. விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் அந்த எல்லையில் சுங்கச் சோதனையும் அனுமதிச் சீட்டும் இருந்தன. வயல் ஒரு நாட்டில், சந்தை ஒரு நாட்டில்! எங்கள் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஆகஸ்டு 16.

அந்த உடன்படிக்கையில் குடியுரிமை பற்றி இருந்த விதிகளை நம் மாணவியர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். புதுச்சேரியில் பிறந்து அந்த ஆகஸ்டு 16 அன்று இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். ஆனால் இங்கே பிறந்து, அந்த நாளில் இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவர்கள் ஒன்றுமே எழுதாமல் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள்.

இப்போது ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் எண்ணிப் பாருங்கள். அண்ணன் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து சொல்தாவாகக் கப்பலேறி அந்த நாட்டிலேயே குடியேறிவிட்டவர். தம்பி தாய் தகப்பனையும் ஏர் மாட்டையும் பார்த்துக்கொண்டு ஊரில் நின்றவர். ஆகஸ்டு 16 விடிந்தபோது அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். இருவரும் ஒரே தாயின் பால் குடித்தவர்கள். பிரெஞ்சுத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பிள்ளை எங்கே பிறந்தாலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெறும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அந்த ஒருநாள் கணக்கு பேரன் பேத்தி வரை தொடர்கிறது. ஊரில் தங்கி வயதானவர்களைக் காப்பாற்றிய தம்பியின் பேத்திக்கு 59. அண்ணன் பேத்திக்கு 189. யார் குற்றம், யார் திறமை? இதில் பெருமைப்பட அண்ணன் வீட்டாருக்கும் ஒன்றுமில்லை. வெட்கப்படத் தம்பி வீட்டாருக்கும் ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்காதவர்களில் நாட்டுப்பற்றால் மறுத்தவரும் உண்டு, செய்தியே சரியாக எட்டாமல் விட்டவரும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பிரெஞ்சு மொழிப் படிவம் எழுதத் தெரிந்தவர் ஊருக்கு எத்தனை பேர் இருந்திருக்கக்கூடிய காலம் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வலிமையான அந்தக் கருஞ்சிவப்புப் புத்தகத்துக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. 189 இடங்களுக்கு வழி விடும் அது உறுவையாற்றுக்கு வழி விடாது. இந்தியாவுக்குள் வரப் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு விசா வேண்டும். சங்கராபரணி ஆற்று மணலில் விளையாடி வளர்ந்தவரானாலும், பாரீசில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். பிரான்சு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. நம் அரசியல் சட்டம் ஏற்பதில்லை. பிறகு சொந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருவதற்கும் அவர் படிவம் நிரப்ப வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை என்ற ஒன்றைத் தருகிறார்கள். அது இருந்தால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வரலாம், தங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால்தான் உண்டு. நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் பக்கத்தில் இது சிறிய செய்தியா? உலகமெல்லாம் சுற்றலாம், பாட்டன் வயலுக்குப் பக்கத்து வயலை வாங்க முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த திருமணப் பேச்சுக்கு வருகிறேன். இது பத்தாம் வகுப்பு மாணவி எழுதும் பொருளா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வகுப்பைவிட மூன்று நான்கு வயது மூத்த அக்காமார்களுக்கு இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆகவே நாங்கள் எழுதாமல் யார் எழுதுவது?

பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள மாப்பிள்ளைக்கு வரதட்சணை கூடுதல். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள பெண்ணுக்கோ பையன் வீட்டார் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவளுடைய கறுப்போ சிவப்போ, கோபமோ குணமோ பேச்சில் வருவதில்லை. பார்வைக்கு இது அவளுக்கு நன்மை போலத் தோன்றும். உண்மையில் இரண்டு பெண்களையும் ஒரே தராசில்தான் நிறுத்துகிறார்கள். ஒருத்திக்குப் பாஸ்போர்ட்டை விலை கொடுத்து வாங்குகிறார்கள்; இன்னொருத்தியைப் பாஸ்போர்ட்டாகவே வாங்குகிறார்கள். இரண்டு பேச்சிலும் அந்தப் பெண்ணின் மனம் எங்கே?

தாலி கட்டியவுடன் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இது பழைய நினைவு. பிரெஞ்சுக்காரரை மணந்த பெண்ணுக்குத் திருமணத்தோடு தாமாகவே குடியுரிமை வந்துவிடும் சட்டம் ஒரு காலத்தில் இருந்தது. 1973-ஆம் ஆண்டு அது மாற்றப்பட்டது. இப்போது கணவனோ மனைவியோ திருமணமாகி, சேர்ந்து வாழ்ந்து, நான்கு ஆண்டுகளாவது கடந்த பின்னரே விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சு மொழி அறிவையும் நிரூபிக்க வேண்டும். அதுவரை அந்தப் பெண் பிரான்சில் தங்குவது மனைவி என்ற உறவால் கிடைத்த அனுமதியின் பேரில்தான். கணவனோடு சேர்ந்து வாழ்வதே அந்த அனுமதிக்கு ஆதாரம். கணவன் அடித்தால் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அடித்தான் என்பதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரிய வேண்டுமே! நம் ஊரில் ஒரு பெண்ணுக்குத் துன்பம் என்றால் அடுத்த வீட்டு அத்தை ஓடி வருவார், சித்தப்பா வந்து பஞ்சாயத்துப் பேசுவார், பங்குத்தந்தை கூப்பிட்டு விசாரிப்பார். பாரீசின் புறநகரில் ஐந்தாம் மாடிக் குடியிருப்பில் அவளுக்கு யார்? வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெண்களின் புகார்களைக் கேட்கவே 2009-ஆம் ஆண்டு தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவு ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. அத்தனை புகார்கள்.

எல்லா வெளிநாட்டுத் திருமணமும் துன்பத்தில் முடிகிறது என்று நான் சொல்லவில்லை. மகிழ்ச்சியாக வாழும் அக்காமார்களையும் விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது பார்க்கிறோம். பிரெஞ்சு பென்ஷனால் கல் வீடானது எத்தனையோ கூரை வீடு. அந்தப் பணத்தில் படித்து ஆசிரியரானவர்களும் உண்டு. அந்த உழைப்பையும் தூர தேசத்தில் பட்ட குளிரையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஏழைப் பெற்றோர் தம் மகள் நல்ல மருத்துவமும் நல்ல சம்பளமும் உள்ள நாட்டில் வாழட்டும் என்று விரும்புவதில் பாவம் ஒன்றுமில்லை. அட்டையின் நிறத்தைப் பார்த்த மயக்கத்தில் ஆளைப் பார்க்க மறந்துவிடுவதுதான் தவறு என்கிறேன். பக்கத்துத் தெருப் பையனாயிருந்தால் நான்கு பேரிடம் விசாரிக்கும் தகப்பனார், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனைப் பற்றி யாரிடமும் விசாரிக்காமல் நாள் குறிக்கிறார். தூரம் கூடக் கூட விசாரணையும் கூட வேண்டாமா?

விவிலியத்தில் இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருத்தூதர் பணிகள் 22-ஆம் அதிகாரத்தில், எருசலேமில் பிடிபட்ட புனித பவுலை (எங்கள் பாட்டிமார் சொல்லும் சின்னப்பர்) சாட்டையால் அடிக்கக் கட்டுகிறார்கள். தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் சொன்னதுமே அடிக்க வந்தவர்கள் விலகிப் போகிறார்கள். படைத்தலைவன் தான் பெருந்தொகை கொடுத்து அந்தக் குடியுரிமையை வாங்கியதாகச் சொல்கிறான். பவுல் தமக்கு அது பிறப்பிலேயே வந்தது என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வலிமையான பாஸ்போர்ட்டும் இருந்தது, அதை விலைக்கு வாங்கினவனும் இருந்தான்! புனித பேதுருவுக்கு அந்தக் குடியுரிமை இல்லை. அவர் கலிலேயாக் கடலின் மீனவர். இருவரும் உரோமையில் உயிர் கொடுத்தார்கள் என்பது மரபு. குடிமகனான பவுலை வாளால் வெட்டினார்கள். குடியுரிமை இல்லாத பேதுருவைச் சிலுவையில் அறைந்தார்கள். சாவிலும்கூட உரோமை அரசு வேற்றுமை காட்டியது. திருச்சபையோ இருவருக்கும் ஒரே நாளில், ஜூன் 29 அன்று, பெருவிழா எடுக்கிறது. பேதுருவின் வரிசை எண் என்ன என்று அதில் யாரும் கேட்பதில்லை.

59, 189 என்று பேசிக்கொண்டிருக்கும் நமக்குப் பக்கத்திலேயே ஒன்றும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டிச் சென்றால் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட முகாம்களில் வளர்கிறார்கள். 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதி, நம்மைப் போலவே தமிழ் பேசும் ஒரு பெண்ணுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் இருக்கலாம். அந்தத் தேதிக்கு முன், 1986-இல் இந்திய மண்ணில் பிறந்த ஒரு முகாம்வாசிப் பெண், தாம் பிறப்பால் இந்தியர் என்று வழக்காடினார். அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. நாம் மெலிந்தது என்று முகம் சுளிக்கும் கருநீலப் புத்தகத்தை அவர் நீதிமன்றம் ஏறி வாங்க வேண்டியிருந்தது.

தோழியருக்கு இன்னொரு செய்தி. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பில் தேறாதவர்களின் இந்தியப் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று குறிக்கப்படுகிறது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறியவர்களுக்கு அந்தத் தடையில்லை. ஏமாற்றும் ஏஜெண்டுகளிடமிருந்து எளியவர்களைக் காப்பாற்ற ஏற்பட்ட விதி என்கிறார்கள், இருக்கட்டும். பாட்டனார் எங்கே குடியிருந்தார் என்பதை நம்மால் இனி மாற்ற முடியாது. இந்த ஒரு வரியை நாமே மாற்றலாம், அதுவும் இந்த ஆண்டே. கணக்குப் பாடத்தை நினைத்து அழுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், மாப்பிள்ளை பார்க்குமுன், அவள் பெயரில் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுங்கள். சாதாரண முறையில் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஒரு பட்டுப்புடவையின் விலையைவிட மிகக் குறைவு. அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, புதுச்சேரியிலேயே விண்ணப்பிக்கலாம். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை. கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அவள் மேற்படிப்புக்குப் போகலாம், செவிலியராகப் போகலாம், மணமாகியும் போகலாம், ஒருக்கால் எங்கும் போகாமல் உறுவையாற்றிலேயே இருந்து கரும்பு பயிரிடலாம். புத்தகம் மட்டும் அவளுடைய கைப்பையில் இருக்கட்டும், மாமியார் வீட்டு பீரோவில் வேண்டாம். தேர்வு முடிவு வந்தவுடன் மதிப்பெண் சான்றிதழின் நகல் ஒன்றையும் அதோடு வைத்துவிடுங்கள். ‘சோதனை தேவை’ என்ற அந்த வரி விழாமலிருக்க அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.